சுத்தபோசனம், அன்லிமிடெட்

தம்பி,

அடையாறில் நீ பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு நம் கடையின் பெயரை வைத்துக்கொள்ளலாமா, அதோடு கடையையும் உன் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருந்தாய். ஈஸ்டருக்குள் பதில் வேண்டும் என்றாய். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ நடுவே பேசுவாய், நீ பேசினால் நான் கத்துவேன், நான் கத்தினால் உன் அப்பா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி இரண்டு பேருக்கும் பொதுவாக "சரி, வுடுங்க" என்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும். இந்த வீட்டில் பாதி விஷயங்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இது அப்படி முடியக் கூடாது. அதனால் எழுதுகிறேன். பதில் என்ன என்று தேடிக் கடைசிப் பத்திக்குத் தாவாதே. உன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பாடங்களை எல்லாம் அப்படித்தான் படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

கடை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள்ளேயே வளர்ந்தவனுக்கு இது தேவையா என்று கேட்பாய். தேவை, நீ அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில், நம் வாசலிலிருந்து வடக்கே நடந்தால் மயிலாப்பூர் கோயில் குளம். கடற்கரைப் பக்கம் திரும்பினால் நம் மாதா கோயில். இரண்டு கூட்டமும் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் மீன் குழம்பு விற்கிறோம். கடலில் என்ன மீன் கிடைத்தது என்பது காலையில் ஒரு கேள்விதான். காலண்டரில் இன்று என்ன கிழமை, என்ன மாதம், யாருக்கு விரதம் என்பது நாள் முழுவதுக்குமான கேள்வி. சரித்திரம் படித்தவள் நான். படித்த சரித்திரத்தில் ராஜாக்கள் நாட்டை ஆண்டார்கள். இங்கே வந்த பிறகு, பஞ்சாங்கமும் திருவழிபாட்டுக் காலண்டரும் மாறி மாறி என் அடுப்பை ஆள்வதைத்தான் பார்க்கிறேன்.

புரட்டாசியை எடுத்துக்கொள். மற்ற மாதங்களில் இலை போட இடமில்லாத கடை, அந்த மாதச் சனிக்கிழமைகளில் காற்று வாங்கும். பட்டினப்பாக்கத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் தேவகி, கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். "பெருமாளே மீனா பொறந்தவருதானக்கா? சொந்தக்காரன துன்னாதடானு இந்த ஒரு மாசம் சொல்றாரு போல கீது. மீதி மாசம்லாம் அவுரு கண்ண மூடிக்கினு கீறாரா?" என்பாள். அவளுக்கு அது சிரிப்பு மட்டும் இல்லை, பாதி விலைக்குக் கூடையைக் காலி செய்யும் எரிச்சல். ஆனால் அந்த மாதத்திலும் வருகிறவர்கள் உண்டு. தி.நகரில் ஒரு நகைக்கடையில் வேலை பார்க்கும் அந்த நாலு பேரை மறந்திருக்க மாட்டாய். "குழம்பு மட்டும் ஊத்துங்கக்கா, துண்டு வேணாம், விரதம்" என்று இலையை நீட்டுவார்கள். மீன் கொதித்த குழம்பில் மீன் இல்லையாம்! பெருமாள் துண்டைத்தான் எண்ணுவார், சாற்றைக் கணக்கில் வைக்க மாட்டார் போலும். இன்னொரு அம்மாள், அபிராமபுரத்தில் பெரிய வீடு, வறுவல் பார்சலை எந்தப் பெயரும் போடாத கவரில்தான் கேட்பாள், வீட்டு வேலைக்காரிக்கு என்று சொல்லி. அந்த வேலைக்காரிக்குப் புரட்டாசியில் மட்டும் எப்படித்தான் அவ்வளவு பசி எடுக்குமோ. மாதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இதே ஜனம் சிறையிலிருந்து விடுதலையான மாதிரி வந்து வரிசையில் நிற்கும். அன்று தேவகி கூடையில் உட்கார மாட்டாள். அன்று அவள் சொன்னதுதான் விலை.

நம் ஆட்களைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் நாம் இறைச்சி தொடுவதில்லை, அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். ஆடு கூடாது, கோழி கூடாது, மீன் கூடும். ஏழை மீனவன் சாப்பாட்டைச் சாப்பிட்டு நாக்கை அடக்கு என்பதாக எந்தக் காலத்திலோ யாரோ நினைத்திருக்க வேண்டும். அந்த யாரோ உன் அப்பாவின் எறா தொக்கைச் சாப்பிட்டதில்லை. ஞானராஜ் அங்கிளை நினைத்துப் பார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நம் கோயில் பங்கில் எல்லாக் கமிட்டியிலும் இருப்பவர். வெள்ளி மாலை சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் நேரே நம் கடைக்கு வருவார். "இன்னிக்கு சுத்தபோசனம் பாரும்மா, லைட்டா போதும். வஞ்சிரம் ரெண்டு துண்டு. எறா தொக்கு. நண்டு இருந்தா ஒரு அரை பிளேட்" என்பார். பக்கத்து மேசைக்குக் கோழிக்குழம்பு வந்தால், "கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லும்மா, வாசனை பட்டாலே மனசு அலையுது" என்பார். ஒருமுறை நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே, "ஆண்டவர் நமக்காகப் பட்ட பாட்டை நெனச்சா தொண்டையில எறங்க மாட்டேங்குதும்மா" என்றார். இறங்கியது. இன்னொரு பிளேட்டும் இறங்கியது. மற்றக் கிழமைகளில் சாம்பாரும் கோவைக்காயும் சாப்பிடுகிற மனிதர் அவர். வருடத்தில் அவர் வயிறு நிறையச் சாப்பிடும் நாட்கள், தவம் செய்யும் நாட்கள்தான்.

இதையெல்லாம் இலை எடுத்த பிறகு நாம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். குழம்பு மட்டும் கேட்டவன் குரலில் நீ பேசுவாய். ஞானராஜ் அங்கிள் நண்டு உடைக்கிற மாதிரி நான் செய்து காட்டுவேன். உன் அப்பாவே சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிப்பார். இப்போது நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். "உன்கிட்டேர்ந்துதானே மா கத்துக்கிட்டேன்" என்பாய். ஆமாம். ஆனால் பாதிதான் கற்றிருக்கிறாய். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

போன மாதம் நீ லீவில் வந்து கல்லாவில் உட்கார்ந்தாய். வந்த இரண்டாம் நாளே உனக்கு யோசனை வந்துவிட்டது. "மா, பாரிஷ் முழுக்க வெள்ளிக்கிழமைன்னா மீனுக்கு அலையுது. தவக்காலம்தான்மா நமக்குத் தீபாவளி. நாம அதை யூஸ் பண்ணவே இல்லை" என்றாய். நான் முகத்தைச் சுளித்தேன். அது சம்மதம் இல்லை, அது என் முகம். மறுநாள் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்தாய். பச்சை வாழை இலை, ஓரத்தில் ஒரு விளக்கு, நடுவில் பெரிய எழுத்தில் "இன்று சுத்தபோசனம், அன்லிமிடெட்." மீன் படம் எங்கே என்று உன் அப்பா கேட்டதற்கு, "மீன் படம் போட்டா லோக்கலா இருக்கும்பா. கிளாஸா இருக்கட்டும்" என்றாய். கிளாஸாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவர் கையால் வரைந்த மீன் இருக்கிற நம் பழைய போர்டின் மேலேயே அதைக் கட்டினாய். சுத்தபோசனம் என்ற சொல் நம் கோயில் மதிலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது உனக்குத் தோன்றவில்லை. வெளியே, அதுவும் மயிலாப்பூருக்கு இவ்வளவு அருகில், வெள்ளிக்கிழமை சுத்தம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கும் அது தோன்றவில்லை. நாம் அவ்வளவு காலம் நம் சொற்களுக்குள்ளேயே குடியிருந்துவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை பங்குனித் திருவிழாக் கூட்டம். தேர் பார்த்துவிட்டு வெயிலில் நடந்து வந்த ஜனம் எங்கே நிழல் இருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தது. அந்தம்மா தனியாக வந்தாள். என் வயதுதான் இருக்கும், மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் அர்ச்சனைத் தட்டுப் பை. வாசலில் நின்று போர்டை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வந்து மூலை மேசையில் உட்கார்ந்தாள். கடையில் அப்போது நாம் மட்டும்தான். பந்தி ஆரம்பிக்கவில்லை, வறுவல் கல்லில் ஏறவில்லை, மாங்காய் போட்ட குழம்பு மட்டும் வாளியில் தயாராக இருந்தது. நீதான் பரிமாறினாய். ஆள் வரவில்லை என்று நீயே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதை நான் பெருமையாகப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சோறு போட்டாய், பொரியல் வைத்தாய், குழம்பை ஊற்றினாய். துண்டு கடைசியில் தனித் தட்டில் வரும் என்பது நம் வழக்கம். அவள் இலையில் விழுந்தது வெறும் குழம்பும் இரண்டு கீற்று மாங்காயும்.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயைப் பிசையும்போது கை நின்றது. இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கல்லாவில் பொம்பளை ஆள் நான்தானே.

"இன்னாமா இது, மீனு கொழம்பா?"

நான் எழுந்திருப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். "ஆமா ஆன்ட்டி. மீன் சுத்தபோசனம்தான். எங்க சர்ச்லயே அலவ்டு" என்று சிரித்தாய்.

"எனுக்கு அலவ்டு இல்லியே நைனா" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "போர்டுல சுத்தம்னு போட்டுகினு, வாய எல படம் போட்டுகினு கீறீங்க. நான் இன்னானு நெனப்பேன்?"

"உங்களுக்கு வாசனை கூடவா தெரியல ஆன்ட்டி?" என்று நீ கேட்டாயே, அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கேள்வி மாதிரி அல்ல, ஜோக் மாதிரி கேட்டாய்.

"சிந்தாதிரிப்பேட்ட மீன் மார்க்கெட் பின்னாடி என் வூடு. மீன் வாசன எனுக்குக் காத்து மேரி. அது எங்கருந்து வருதுன்னு நான் பாக்கறதில்ல" என்றாள். பிறகு நீ அங்கே இல்லாத மாதிரி என்னிடம் திரும்பினாள். "நான் மீனு துன்றவதான்மா. ஞாயித்துக்கெழம வந்தா தலயக் கேட்டு வாங்கித் துன்னுவேன். பொண்ணு மாசமா கீறா. இதுக்கு முன்ன வந்தது தங்கல. அவளுக்கோசரம் வெள்ளிக்கெழம வேணாம்னு வுட்டேன். இன்னியோட கடைசி வெள்ளி. சாங்காலம் போயி வெளக்கு போட்டா முடிஞ்சிச்சி." கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய சோற்றையே பார்த்தாள். "ஊத்தசொல்ல ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

அப்போது நீ, இதை எல்லாம் கேட்ட பிறகு நீ, "ஒரு வாய்தானே ஆன்ட்டி, சாமி கோச்சுக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை சேர்த்து வெச்சு இருந்துடுங்க" என்றாய். உன் அப்பா உள்ளேயிருந்து வந்து உன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு போனார். நான் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனேன். வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள், முகத்தைக் கழுவும்போது குங்குமம் கரைந்து மூக்கு வரை வழிந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்றேன். "நீ இன்னா பண்ணுவ" என்றாள். காசு கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, "கொழம்பு நல்லாத்தான்மா கீது. ஒரு ஞாயித்துக்கெழம வரேன். தல எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவு பெருந்தன்மையைத் தாங்குகிற தகுதி அன்று நம் கடைக்கு இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பழக்கமில்லாத கை, தப்பாக ஊற்றிவிட்டது என்று விட்டிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஞானராஜ் அங்கிள் வந்தார். உட்காரும்போதே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பையன் ஒரு பொம்பளையோட விரதத்தையே முடிச்சு வெச்சுட்டானாமே! க்ரூப்ல போட்டிருந்தான், எங்க வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்று ஃபோனை நீட்டினார். பங்கு இளைஞர் வாட்ஸ்அப் க்ரூப்பில் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். "ஒரே வாய்ல விரதம் காலி. பவர் ஆஃப் சுத்தபோசனம்." கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். அந்தம்மாவின் பெண்ணைப் பற்றி நீ எழுதவில்லை. எழுதினால் சிரிப்பு வராது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அறியாமல் செய்தவன் அல்ல நீ. எதை விட்டுவிட்டால் சிரிப்பு வரும் என்று தெரிந்து, அதை விட்டுவிட்டவன். ஃபோனைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த ஞானராஜ் அங்கிள் கோழி வாசனைக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு வஞ்சிரம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டுத் துண்டு அவருக்கு எதிரிலேயே இருந்தது. தீர்ந்துவிட்டது என்று மறுபடியும் சொன்னேன்.

இப்போது அந்த மீதிப் பாதி. விரதங்களின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. சாமிக்குக் கணக்கு எழுதி, கணக்கில் ஓட்டை போட்டு, ஓட்டை வழியாக எறாவைத் தள்ளுகிற நம் ஜனத்தைப் பார்த்தால் எனக்கு இளக்காரம்தான். துண்டில்லாத குழம்பு கேட்கிறவனைப் பார்த்தாலும் இளக்காரம்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. ஆனால் துண்டு வேண்டாம் என்றவன் இலையில் நான் ஒருநாளும் துண்டு விழ விட்டதில்லை. கரண்டியை இலையின் ஓரத்தில் சாய்த்து, சாறு மட்டும் இறங்குகிற மாதிரி ஊற்றுவேன். பெயர் போடாத கவர் கேட்டால் பெயர் போடாத கவர்தான். கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு "மீன் தொடமாட்டேன்க்கா" என்று நம் பரிமாறும் பையன்கள் நிற்பார்கள், திட்டிக்கொண்டே அவர்களைச் சோற்றுப் பக்கம் மாற்றிவிட்டு நான் வாளியைத் தூக்குவேன். அவர்கள் போன பிறகு சிரிப்பேன். சிரிப்பு என் வீட்டுக்குள் என் சொத்து. இலை அவர்களுடையது. சாப்பிட வந்து உட்கார்ந்தவர்கள் நம்மை நம்பி வாயைத் திறக்கிறார்கள், தம்பி. தெரியாத ஊரில் தெரியாத கை ஊற்றுவதைப் பிசைந்து வாயில் வைக்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்து ஜோக் அடிக்கிறவன் கையில் வாளி இருக்கக் கூடாது. உன் படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும், கஸ்டமர் என்று தொடங்கும். பெயர் தெரியாமலே உன் அப்பா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அடையாறு கடைக்கு நீ எழுதி அனுப்பிய திட்டத்தையும் படித்தேன். தவக்காலத்தில் கடல் விருந்து பஃபே, புரட்டாசியில் வாழைக்காயில் செய்த மீன் வறுவல், ஆடியில் கூழும் கருவாடும் காம்போ. ஒவ்வொருவர் சாமியும் எந்த மாதம் கண்ணை மூடுகிறது என்று பார்த்து அந்த மாதம் விலை வைக்கிற திட்டம். வியாபாரம் ஆகும். நன்றாகவே ஆகும், இந்த ஊரை எனக்குத் தெரியும். அதைச் செய்வதென்றால் செய், ஆனால் அதற்கு நம் கடையின் பெயர் வேண்டாம். வேறு பெயர் வைத்துக்கொள். கடை இந்த வருடம் உன் பெயருக்கு வராது. அடுத்த வருடம் வருமா என்று இப்போது சொல்ல மாட்டேன். உன் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த முறை அவர் "சரி, வுடுங்க" என்று சொல்லவில்லை. "எழுது" என்றார்.

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டோம். நல்ல கெட்டியான துணி, வீணாக்க மனம் வரவில்லை. பின்கட்டில் மீன் அறுக்கிற இடத்தில் விரித்திருக்கிறோம். தேவகி அதன் மேல் குந்திக்கொண்டு சங்கரா மீன் உரசும்போது, சுத்தபோசனம் என்ற உன் பெரிய எழுத்தின் மேல் செதில் கொட்டுகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, "பொருத்தமாத்தான் கீதுக்கா" என்றாள். முன்னால் உன் அப்பா வரைந்த மீன் மறுபடியும் வெயிலில் தெரிகிறது. லோக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் அதைப் பார்த்து ஏமாந்து உள்ளே வர முடியாது.

வருவதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கல்லாவில் உட்கார வேண்டாம், பரிமாற வா. ஒவ்வொரு ஞாயிறும் உன் அப்பா ஒரு நல்ல மீன் தலையாகப் பார்த்து, பந்தி முடியும்வரை யாருக்கும் கொடுக்காமல் மூடி வைக்கிறார். யாருக்கு என்று கேட்டவர்களிடம், "ஆள் வரும்" என்கிறார். நேற்றும் மூடி வைத்திருந்தார். சாயங்காலம் இலை எல்லாம் எடுத்த பிறகு திறந்து, எனக்குப் பாதி, அவருக்குப் பாதி வைத்தார். அவள் இன்னும் வரவில்லை.

உன் அம்மா